இருபதாம் தீர்க்கரேகையில் இரண்டு லாரி உப்பு

மமுனோ சாவடியில் அன்றைக்குக் கடைசி முத்திரை
ஜெரிப்போவின் தாளில் விழுந்தது.
எதிர் வரிசையில் நின்ற ஒனலென்னாவிடம்
"விடியட்டும்" என்று ஷட்டரை இறக்கிவிட்டார்கள்.

அவன் நமீபியாவிலிருந்து வருகிறவன்.
அவள் போட்ஸ்வானாவிலிருந்து போகிறவள்.
இரண்டு வண்டிக்கும் ஒரே கொட்டகை விளக்கு,
அதைச் சுற்றி ஒரே பூச்சிக் கூட்டம்.

"என்ன ஏற்றியிருக்கிறாய்?"
"உப்பு. வால்விஸ் பே கடலுப்பு. நீ?"
அவள் தார்ப்பாயைத் தட்டிக் காட்டினாள்.
"உப்பு. சுவா பள்ளத்து உப்பு."

சிரித்து முடிக்க நேரம் பிடித்தது.
கடலே இல்லாத நாட்டிலிருந்து
கடல் உள்ள நாட்டுக்கு உப்பு!
"எங்களுக்கும் இருந்தது கடல் மாதிரி ஒன்று," என்றாள்.
"ஏரி. செத்து யுகமாகிறது.
எலும்பைத்தான் லாரி லாரியாக விற்கிறோம்."

புழுதி அப்பிய தன் வண்டிக் கதவில்
விரலால் ஒரு கோடு இழுத்தான், மேலிருந்து கீழே.
"இதற்கு இடப்பக்கம் முழுக்கத் தண்ணீர்.
ஒரு மிடறு குடிக்க முடியாது."
வலப்பக்கம் செம்மணல் குன்றுகள்.
நெய்தலின் மடியில் தலைவைத்து
நேரே பாலை படுத்திருக்கும் நாடு.
நடுவில் மருதம் என்று சொல்லிக்கொள்ள
ஒரு வரப்பு அகலம்கூடக் கிடையாது.
குயிசெப் என்று ஓர் ஆறு உண்டு, வரைபடத்தில்.
போன தடவை அதில் தண்ணீர் வந்தபோது
டீச்சராக இருக்கும் அவன் அக்கா
பாடத்தைப் பாதியில் நிறுத்திப்
பிள்ளைகளைக் கூட்டிப்போய் ஆற்றைக் காட்டினாள்.
மற்ற நாளெல்லாம் மூடுபனிதான் மழை.
குன்றின் முகட்டில் ஒரு கறுப்பு வண்டு
தலைகீழாக நின்று
தன் முதுகில் வழிவதைத் தானே குடிக்கும்.
"கடலை விட்டால் ஒரே ஏற்றம். விந்தூக் வருவதற்குள்
கியர் மாற்றி மாற்றி என் தோள் போய்விடும்."

"எங்களுக்குத் தோள்வலி இல்லை.
தூக்கம்தான் எமன்.
தட்டில் ஊற்றிய கூழ் மாதிரி தரை,
கியர் மாற்ற ஒரு சாக்கும் கிடைக்காது.
மணல் இருக்கிறது, உங்களைவிட அதிகமாகவே.
மேலே புல்லும் முள்ளும் முளைத்துவிட்டதால்
படமெடுக்க யாரும் வருவதில்லை."

பிறகு அவள் விரலால் வரையவில்லை.
உள்ளங்கையை விரித்து
அப்படியே கதவில் பதித்தாள்.
"ஒகவாங்கோ."
மணிக்கட்டு வழியாக வருகிறது ஆறு.
ஐந்தாகப் பிரிகிறது.
நகக்கண்ணில் முடிந்துவிடுகிறது,
கடல் என்று ஒன்று இருப்பதே தெரியாமல்.
தையில் அங்கோலா மேட்டில் பெய்த மழை
ஆடியில்தான் மாவுனுக்கு வந்து சேரும்,
வானத்தில் பொட்டு மேகம் இல்லாத ஒரு நாளில்,
பழைய கடனைக் கொடுக்க வந்தவன் மாதிரி
கூச்சத்தோடு, மெல்ல.
"எங்கள் பணத்துக்கே புலா என்று பெயர்.
புலா என்றால் மழை."
"உன் சம்பளம்?"
"தூறல்."

அவன் கதவில் அந்த மணிக்கட்டைத் தொட்டான்.
"இந்த இடம் எங்களுடையது.
எங்கள் மண்ணைத் தாண்டித்தான் ஆறு உன்னிடம் வருகிறது."
"தெரியும்," என்றாள். "வளையல் அகலம்."

அவளிடம் நான்கு அவித்த முட்டை இருந்தது.
இரண்டு மூட்டையிலிருந்தும் ஒரு சிட்டிகை எடுத்தார்கள்.
அவள் உப்பில் லேசாகச் சோடாக் கசப்பு.
அவன் உப்பில் மீன்வாடையா, பிரமையா தெரியவில்லை.
இருவரும் எதுவும் சொல்லவில்லை.
நான்காவது முட்டையை அவன்
உப்பில்லாமல் தின்றான்.

காலையில் ஷட்டர் ஏறியது.
அந்தப் பக்கம் போகிறவர்கள்
நோய்க்கிருமி மருந்தில் நனைத்த சாக்கில்
செருப்பைத் துவைக்க வேண்டும்;
மாட்டு நோய் தாண்டிவிடக் கூடாது.
அவள் துவைத்துக்கொண்டிருப்பதைக்
கண்ணாடியில் பார்த்தபடி இவன் கிழக்கே கிளம்பினான்.
தார்ச்சாலை. நேர்கோடு. தூக்கம்.
எமனை அவள் சரியாகத்தான் சொல்லியிருந்தாள்.

காங் பெட்ரோல் பங்கில்
கழிப்பறை போய்த் திரும்புவதற்குள்
ஒரு பையன் கேட்காமலே
கதவைக் கழுவத் தொடங்கியிருந்தான்.
முதலில் கடல் கரைந்தது.
பிறகு விரல்கள், ஒவ்வொன்றாக.
மணிக்கட்டுக்கு வரும்போது
வாளியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது.